படப்பையில் ஒரு பேண்டம்: கொல்லைக் கோழியின் கதை

இந்த எபிசோடை நான் ஸ்டூடியோவில் உட்கார்ந்து பேசவில்லை. படப்பையில், எங்க பெரியம்மா வீட்டுக் கொல்லையில் ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டுக்கிட்டுப் பேசறேன். பின்னாடி கொக்கரிப்பு கேட்கும். அதை எடிட்டில் எடுக்க வேண்டாம்னு சொல்லியிருக்கேன், ஏன்னா இன்னைக்குக் கதையே அவங்களோடதுதான். அதுக்கும் பின்னாடி ஒரு இரைச்சல் கேட்டால், அது வண்டலூர்–வாலாஜாபாத் சாலை. ஒரகடம் கம்பெனி பஸ்கள் ஷிஃப்ட் மாற்றுகிற நேரம்.

மூன்று வருஷத்துக்கு முன்னாடி சென்னையில் ஒரு கடையில் நான் ஒரு ஜோடிக் கோழி வாங்கினேன். ஜப்பானிய பேண்டம். உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி உடம்பு, தலைக்கு மேலே நிமிர்ந்து நிற்கிற வால், கால் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டிய உயரம். எங்க அபார்ட்மென்ட்டில் கோழிக்கு இடமில்லை. அதனால் நேரே படப்பைக்குத்தான் கொண்டு வந்தேன். அட்டைப்பெட்டியைத் திறந்ததும் பெரியம்மா கேட்ட முதல் கேள்வி: "இன்னாடா இது, காலை எங்க வெச்சுட்டு வந்துச்சு?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. அது ஜாவா, ஜப்பான், இங்கிலாந்து என்று சுற்றிவிட்டு, கடைசியில் இதே கொல்லைக்கே திரும்பி வந்துவிட்டது.

முதலில் பெயர். 'பேண்டம்' என்பது கோழியின் பெயரே இல்லை. அது ஒரு துறைமுகம். ஜாவாத் தீவின் மேற்கு முனையில் இருக்கிற பான்டென். மிளகு வியாபாரத்தில் பெரிய ஊர். 1602-ல் ஜேம்ஸ் லங்காஸ்டர் தலைமையில் வந்த ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் அங்கே போய்ச் சேர்ந்தன. கம்பெனி ஒரு கிடங்கும் போட்டது. ஆங்கிலேயர் வாயில் பான்டென், 'பேண்டம்' ஆனது.

இங்கேதான் நம்ம ஊர் உள்ளே வருகிறது. பேண்டமில் மிளகு வாங்க வெள்ளிக் காசு மட்டும் போதவில்லை. அங்கே இருந்தவர்கள் கேட்டது துணி. அதுவும் சோழமண்டலக் கரையில் நெய்து சாயம் போட்ட துணி. அந்தத் துணிக்காகத்தான் கம்பெனி நம்ம கரையில் இடம் தேடியது. 1639-ல் பிரான்சிஸ் டே மெட்ராஸில் நிலம் வாங்கினார், ஜார்ஜ் கோட்டை எழுந்தது. ஆரம்ப வருஷங்களில் அந்தக் கோட்டைக்கு மேலிடம் எது தெரியுமா? லண்டன் ரொம்ப தூரம். மேலிடம் பேண்டம்தான். சென்னை என்கிற நகரம் பிறந்தபோது, அது இந்தக் கோழியின் பெயரைச் சுமக்கிற ஊருக்குக் கீழே ஒரு கிளை ஆபீஸ். 1682-ல் டச்சுக்காரர்கள் பேண்டமிலிருந்து ஆங்கிலேயரை வெளியேற்றினார்கள். ஊரின் மவுசு போனது. பெயர் மட்டும் கோழியின் மேல் ஒட்டிக்கொண்டது.

எப்படி ஒட்டிக்கொண்டது? கப்பல்காரர்கள் துறைமுகத்தில் முட்டைக்கும் கறிக்கும் உயிரோடு கோழி வாங்கிப் போவார்கள். ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன குட்டிக் கோழிகளுக்கு, அவை ஏறிய துறைமுகத்தின் பெயரே நின்றுவிட்டது. அப்புறம் சின்னதாக, ஆனால் முறைப்பாக இருக்கிற எதற்கும் அந்தப் பெயர்தான். குத்துச்சண்டையில் 'பேண்டம் வெயிட்' கேட்டிருப்பீங்க. 1914-ல், முதல் உலகப் போரில், ஐந்தடி மூன்று அங்குலத்துக்குக் குறைவானவர்களை பிரிட்டிஷ் ராணுவம் முதலில் சேர்த்துக்கொள்ளவில்லை. பிர்க்கன்ஹெட் நகரத்தில் அவர்களுக்கென்றே தனிப் படை திரட்டினார்கள். அதற்கும் பெயர் பேண்டம் படை.

ஆனால் துறைமுகம் என்பது பஸ் ஸ்டாண்ட் மாதிரி. ஒருவர் எங்கே பஸ் ஏறினார் என்பதை வைத்து அவர் சொந்த ஊரைச் சொல்ல முடியாது. 1868-ல் வந்த புத்தகத்தில் சார்லஸ் டார்வின், பேண்டம் கோழி ஜப்பானிலிருந்து வந்தது என்று எழுதினார். இதே மாதிரி இன்னொரு குழப்பம் 'கொச்சின்' கோழி. கால் வரைக்கும் இறகு மூடிய பெரிய கோழி அது. நம்ம கொச்சிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 1840-களில் சீனாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போனது. பெயர் வைத்தவர்களுக்குத் தெரிந்தது வியாபாரப் பாதை மட்டும்தான்.

சரி, பெயருக்கு முன்னாடி கோழி எங்கே இருந்தது? 2022-ல் வெளியான ஓர் ஆய்வு, வீட்டுக் கோழியின் மிகப் பழைய உறுதியான எலும்புகள் என்று தாய்லாந்தின் பான் நான் வாட் என்ற இடத்தில் கிடைத்தவற்றைச் சொல்கிறது. காலம் பொது ஆண்டுக்கு முன் 1650-க்கும் 1250-க்கும் இடையில். அந்த ஆய்வாளர்கள் சொல்கிற காரணம் எனக்கு ரொம்பப் பிடித்தது. நெல்லும் தினையும் விளையத் தொடங்கிய இடத்தில் தானியம் சிந்தியது. அதைப் பொறுக்கக் காட்டுக்கோழி ஊர் ஓரத்துக்கு வந்தது, வந்தது அப்படியே தங்கிவிட்டது. அதாவது கோழியின் கதை தொடங்கியதே ஒரு கொல்லையில், சிந்திய தானியத்தில்.

அந்த மூதாதை செங்காட்டுக்கோழி. ஆனால் நம்ம பக்கத்துக் காட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 2008-ல் ஸ்வீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோழியின் மஞ்சள் தோலுக்கும் மஞ்சள் காலுக்கும் காரணமான மரபணுவைத் தேடினார்கள். அது செங்காட்டுக்கோழியில் இல்லை. பெரும்பாலும் அது வந்தது சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து என்று கண்டார்கள். அந்தக் கோழி இந்தியாவில் மட்டுமே, அதிலும் அதிகமாக நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் வாழ்வது. நான் வாங்கி வந்த ஜப்பானிய பேண்டத்துக்கும் மஞ்சள் கால்தான். கண்ணுக்கே தெரியாத அந்தக் காலில் தென்னிந்தியக் காட்டின் நிறம்.

இனி கால் குட்டையாக இருப்பதற்கு வருவோம். இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னாடியே பெரியம்மா வீட்டில் பார்த்துவிட்டேன்.

பேண்டம் பெட்டை முட்டை போட ஆரம்பித்ததும், 11 முட்டையைச் சேர்த்து, பெரியம்மாவின் செவலைப் பெட்டைக்கு அடை வைத்தோம். கூடையில் மணல், மேலே வைக்கோல், ஓரத்தில் ஒரு இரும்பு ஆணி, ஒரு துண்டு அடுப்புக்கரி. இடி இடித்தால் முட்டை கலங்காமல் இருக்க. எட்டாம் நாள் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தோம். ஒரு முட்டை வெறுமனே இருந்தது, கருவே இல்லை. மூன்றில் ஒரு சிவப்பு வளையம் மட்டும். கரு உண்டாகி, சில நாளிலேயே நின்றுவிட்டது என்பதற்கு அடையாளம் அது. 21-ஆம் நாள் ஏழு குஞ்சு பொரித்தது. ஐந்துக்குக் குட்டைக் கால், இரண்டுக்கு நெட்டைக் கால்.

என் அடைதான் சரியில்லை என்று நினைத்தேன். வெயிலோ, கூடையோ, ஏதோ தப்பு. பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஜப்பானிய பேண்டத்தின் குட்டைக் கால் ஒரு மரபணுவால் வருவது. அதில் ஒரு பிரதி கிடைத்தால் குட்டைக் கால். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டும் கிடைத்தால் கரு முட்டைக்குள்ளேயே செத்துவிடும். குட்டைக் கால் ஜோடியைச் சேர்த்தால், கணக்குப்படி நான்கில் ஒன்று சாகும், இரண்டு குட்டை, ஒன்று நெட்டை. அந்த மூன்று முட்டையும் என் தப்பு இல்லை. ஆனால் யோசிச்சுப் பாருங்க, அந்த ஜோடியைத் திரும்பவும் சேர்த்தால் அது என் முடிவு. அழகான குட்டைக் காலுக்கு நாலில் ஒரு உயிர் விலை என்று தெரிந்தே செய்கிற முடிவு. இப்போது நான் குட்டைக் கால் சேவலை நெட்டைக் கால் பெட்டையோடு சேர்க்கிறேன். பாதிக் குஞ்சு குட்டை, பாதி நெட்டை, இந்தக் காரணத்தால் ஒன்றும் சாகாது. பல நாட்டில் அனுபவம் உள்ள வளர்ப்பாளர்கள் செய்வதும் இதுதான்.

இந்த மாதிரிக் கணக்கை எழுதி வைத்துச் செய்தவர்களில் பெரிய பெயர் சர் ஜான் செப்ரைட். இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயர்காரர், நாடாளுமன்ற உறுப்பினர். 1800-க்குப் பிறகு சில பத்தாண்டுகள் உழைத்து, ஒவ்வொரு இறகுக்கும் கறுப்புக் கோடு போட்ட மாதிரி ஒரு குட்டிக் கோழியை உருவாக்கினார். சேவலே 620 கிராம்தான். அதற்கு அவர் பெயரே வைத்தார்கள்; அந்தக் கோழிக்கென்றே ஒரு சங்கமும் தொடங்கினார்கள். விலங்கு இனங்களை மேம்படுத்துவது பற்றி 1809-ல் அவர் எழுதிய சின்னப் புத்தகத்தை டார்வினும் படித்தார். ஆனால் நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து, அந்த இனத்தின் முட்டைகள் பொரிப்பது குறைந்துபோனது. அதையும் டார்வின் எழுதி வைத்தார்.

ஜப்பானில் என்ன செய்தார்கள்? இந்தக் குட்டைக் கால் கோழிக்கு அங்கே பெயர் 'சாபோ'. சம்பா நாட்டிலிருந்து, அதாவது இன்றைய வியட்நாம் கரையிலிருந்து வந்ததால் அந்தப் பெயர் என்பார்கள். 1941-ல் ஜப்பான் அரசு சாபோவை நாட்டின் இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்தது. போர்க்காலத்தில், ஒரு கோழிக்கு! மலேசியாவின் கெலாந்தானில் 1970-களில் இன்னும் சிறிய 'செரமா' உருவானது. உலகத்திலேயே மிகச் சிறிய கோழி என்று சொல்லப்படுவது. இப்படி ஒவ்வொரு இடத்திலும் ஒரு பெயர், ஒரு பதிவு, அதைக் காக்கிற ஆட்கள்.

இதையெல்லாம் ஒரு நாள் பெரியம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவங்க நொய்யைத் தூவிக்கிட்டே கேட்டாங்க: "சின்னக் கோழி நம்ம கிட்ட இல்லியா? இதெல்லாம் பின்ன இன்னாது?"

அவங்க காட்டினது தன்னோட கோழிகளை. செவலை, சாம்பலு, புள்ளிக்காரி. நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற கோழிகள். எனக்கு அது வெறும் 'நாட்டுக்கோழி'. அதற்கு வளர்ப்பாளர்கள் சொல்கிற பெயர் வேறு: சிறுவிடை. சண்டைச் சேவல் வகையான பெரிய உடம்புக் கோழி பெருவிடை. கொல்லையில் மேய்கிற சின்ன உடம்புக் கோழி சிறுவிடை. தமிழில் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

சிறுவிடை பேண்டம் இல்லை. பேண்டத்தைவிடப் பெரியது. ஆனால் அதுவும் யாரோ பொறுக்கி எடுத்து உண்டான கோழிதான். பெரியம்மா எதைப் பொறுக்கினாங்க? நிறத்தைப் பார்க்கவில்லை. அடையிலிருந்து பாதியில் எழுந்து ஓடாத பெட்டையின் முட்டையைத்தான் அடுத்த அடைக்கு வைப்பாங்க. குஞ்சை விட்டுட்டு ஓடினது குழம்புக்குப் போகும். பருந்து நிழல் பட்டதும் குரல் கொடுத்துக் குஞ்சைச் சேர்க்கிறது கொல்லையில் இருக்கும். நாமக்கல் பண்ணைகளில் இருக்கிற வெள்ளை லெகார்ன் வருஷத்துக்கு 300 முட்டைக்குப் பக்கம் போடும், ஆனால் அடை உட்காருகிற குணத்தை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். பெரியம்மா கோழி ஒரு ஈட்டுக்கு 12, 15 முட்டை போட்டு நிறுத்திக்கும். அப்புறம் தானே உட்கார்ந்து, தானே பொரித்து, தானே வளர்க்கும். என் ஜப்பானியக் கோழியின் குஞ்சுகளையும் வளர்த்தது அந்தச் செவலைதான். செப்ரைட் செய்த அதே வேலையைப் பெரியம்மாவும் செய்திருக்காங்க. நோட்டுதான் கிடையாது.

நோட்டு இல்லாததால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஒரு உதாரணம் சொல்றேன். வெள்ளைக்கழிச்சல். புத்தகத்தில் 'ராணிக்கெட் நோய்'. 1926-ல் ஜாவாவில் முதலில் பதிவானது, பேண்டம் துறைமுகம் இருந்த அதே தீவு. அதே சமயத்தில் இங்கிலாந்தின் நியூகாசில் பக்கம், அடுத்து இந்தியாவில் குமாவோன் மலையில் இருக்கிற ராணிக்கெட். இது வந்தால் ஒரு வாரத்தில் கொல்லை காலியாகும். பெரியம்மா கல்யாணமாகி வந்தபோது மாமியார் கொடுத்த கோழிகளின் வம்சம் ஒரு கோடையில் அப்படித்தான் போச்சு. மிஞ்சினது ஒரே ஒரு புள்ளிப் பெட்டை. இந்தப் புள்ளிக்காரி அதனோட பேத்திக்குப் பேத்தியா, யாரும் எழுதி வைக்காததால் சொல்ல முடியவில்லை. இப்போது குஞ்சுக்கு ஏழாம் நாள் சொட்டு மருந்து விடுகிறோம். பிப்ரவரியில் கால்நடைத் துறை முகாம் போடும்போது பெரியதுகளைக் கூடையில் தூக்கிட்டுப் போறோம். மருந்து இருக்கிறது. இப்போது ஆபத்து வேறு பக்கம்.

படப்பை என்ற சொல்லைப் பற்றி இங்கே சொல்லியாகணும். பழைய தமிழில் படப்பை என்றால் வீட்டை ஒட்டிய கொல்லை, தோட்டம். சங்கப் பாடல்களில் பல இடத்தில் வருகிற சொல். இந்த ஊருக்கு அந்தப் பெயர் எந்தக் காரணத்தால் வந்ததோ, சொல்லின் பொருள் அதுதான். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பக்கம் இது. நெல் இருந்தால் நொய் இருக்கும், நொய் இருந்தால் கோழி இருக்கும். 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் அடிக்கல் போட்டார்கள், 1998-ல் கார் வெளியே வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், அப்புறம் டைம்லர், ராயல் என்ஃபீல்டு. எங்க வீட்டிலேயே இரண்டு பேருக்குச் சம்பளம் அந்தச் சாலையில்தான். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நிலம் மனையானது. மனை 600 சதுர அடி ஆனது. 600 சதுர அடியில் வீடு உண்டு, பார்க்கிங் உண்டு. கொல்லை இல்லை. பெரியம்மா தெருவில் கோழி வைத்திருந்த வீடுகளில் இப்போது மிச்சம் இரண்டு.

இந்தக் கொல்லையையும் விலைக்குக் கேட்டாச்சு. அண்ணனுக்கு வீட்டுக் கடன் இருக்கு. அநேகமாகக் கொடுத்துவிடுவார்கள்.

இந்த நேரத்தில்தான் என் பேண்டம் சேவலால் ஒரு பிரச்சினை வந்தது. அதன் குஞ்சுகளைப் பார்த்துத் தெருவில் நாலு பேர் கேட்டாங்க. ஒருத்தர் யோசனையே சொன்னார்: "அந்தச் சேவலை இந்தப் பெட்டைங்களோட விடு தம்பி. பாதிக் குட்டையா வரும், நல்ல விலைக்குப் போகும்." உண்மைதான், போகும். எனக்கும் ஆசை வந்தது. பெரியம்மாவிடம் கேட்டேன். அவங்க ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் சொன்னாங்க: "விட்டா ரெண்டு வருசத்துல எது எதுன்னே தெரியாதுடா."

அதனால் சேவலைத் தனியாக அடைத்தேன். அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கினேன். நாற்பது பக்கம், கோடு போட்டது. ஒவ்வொரு பெட்டைக்கும் ஒரு பக்கம். கால் நிறம், கொண்டை, ஒரு ஈட்டுக்கு எத்தனை முட்டை, எத்தனை பொரித்தது, எத்தனை வளர்ந்தது, யார் மகள். பெரியம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். முப்பது வருஷத்தின் கணக்கு அவங்க தலைக்குள் இருந்தது. பாதிதான் நோட்டுக்கு வந்திருக்கு.

முடிக்கிறதுக்கு முன்னாடி இரண்டு பதிவுகளைச் சொல்லணும். இரண்டும் நம்மளோடது.

ஒன்று, விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் இருக்கிற ஒரு நடுகல். சுமார் ஐந்தாம் நூற்றாண்டு. சண்டையில் நின்ற ஒரு சேவலுக்காக, அதன் உருவத்தையும் அது எந்தச் சேரியின் சேவல் என்பதையும் செதுக்கி நட்ட கல். செப்ரைட்டுக்கு ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு கோழிக்கு நாம் கல்லில் பதிவு போட்டிருக்கிறோம். ஆனால் அது சேவல். அடை காக்கிற பெட்டைக்கு யாரும் கல் நடவில்லை.

அப்போ பெட்டைக்கு ஒன்றுமே இல்லையா என்று தேடினேன். இருக்கிறது. குறுந்தொகை, 139-ஆவது பாடல். எழுதியவர் ஒக்கூர் மாசாத்தியார், ஒரு பெண் புலவர். தலைவியை விட்டுப் பரத்தையிடம் போய் வந்தவனிடம் ஊர்ப்பேச்சைப் பற்றிச் சொல்கிற பாட்டு. அதில் உவமையாக ஒரு காட்சி. சாயங்காலம், வேலி ஓரம் காட்டுப்பூனை வருகிறது. வீட்டில் வளர்கிற குட்டைக் கால் பெட்டை பயந்து, குஞ்சுகளைக் கூவிச் சேர்க்கிறது. அவ்வளவுதான். கொல்லையில் நின்று பார்த்த ஒருத்தர்தான் அதை எழுதியிருக்க முடியும்.

பெரியம்மாவிடம் அந்தப் பாட்டின் விஷயத்தைச் சொன்னேன். பூனைக்குப் பயந்து குஞ்சைக் கூப்பிடுகிற பெட்டை என்றதும், "அது நல்ல கோழி, அதோட முட்டையைத்தான் அடை வெக்கணும்" என்றாங்க.

கொல்லை போனால் கோழிகள் எங்கே போகும் என்று பேசி வைத்திருக்கிறோம். ஆறு பெட்டை, இரண்டு சேவல், வாலாஜாபாத் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்கு. அங்கே இன்னும் நெல் இருக்கிறது. நோட்டும் கூடவே போகும்.

உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது கோழி வளர்த்திருந்தால், அடுத்த முறை போன் பண்ணும்போது எந்தக் கோழி, என்ன நிறம், எத்தனை முட்டை என்று கேட்டு எழுதி வையுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.